முதுகுத்தண்டு சுருக்கம்: சிறு துளையா, திறந்த ஆபரேஷனா, ஸ்க்ரூ வேண்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். எட்டு மாதத்துக்கு முன் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தோம். ஒரு வருடமாக, ஐந்து நிமிடம் நடந்தாலே இரண்டு காலும் கனத்து, பிட்டத்திலிருந்து கெண்டைக்கால்வரை மரத்துவிடுகிறது, உட்கார்ந்தால் சரியாகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் எல்3–எல்4, எல்4–எல்5 இரண்டிலும் கடுமையான சுருக்கம், எல்4 எலும்பு லேசாக முன்னால் நழுவியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர், திறந்து ஆபரேஷன் செய்து ஸ்க்ரூ போட வேண்டும் என்கிறார். இன்னொருவர், கீஹோல் முறையில் ஸ்க்ரூ இல்லாமல் முடித்து மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? (வாசகி, சிவகாசி)

பதில்: இரண்டு டாக்டர்களும் சொன்னதை ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஒருவர் பெரிய கீறல், ஸ்க்ரூ உண்டு என்கிறார். மற்றவர் சிறிய கீறல், ஸ்க்ரூ இல்லை என்கிறார். இங்கே இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. சிறு துளை (கீஹோல்) வழியாகவும் ஸ்க்ரூ போட முடியும். திறந்து செய்துவிட்டு ஸ்க்ரூவே போடாமல் தைத்துவிடவும் முடியும். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். கீறலின் நீளம் அம்மாவின் முதல் சில வாரங்களைத் தீர்மானிக்கும். நழுவிய எலும்பைப் பக்கத்து எலும்போடு இணைத்து நிறுத்த ஸ்க்ரூ போடுவதா இல்லையா என்பது பல வருடங்களுக்குக் கூடவே வரும்.

நசுங்குவது எது?

‘எல்’ என்பது இடுப்புப் பகுதி முள்ளெலும்பைக் குறிக்கும், மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை. தண்டுவடம் எல்1–எல்2 மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பது ஒரு கற்றை நரம்புகள். அவை முதுகெலும்புக்குள் ஓடும் கால்வாயில், தண்டுவட நீர் நிறைந்த ஒரு பைக்குள் மிதக்கின்றன. சுருக்கம் என்பது இந்தக் கால்வாய் குறுகுவதுதான். அந்தப் பையின் உறைக்கு டியூரா என்று பெயர். ‘முதுகில் ஆபரேஷன் செய்தால் நடமாட்டமே போய்விடும்’ என்ற பயம் இந்த இடத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் மிகையானது. இந்தப் பையை மூன்று பக்கமும் நெருக்குபவை இவை: முன்னாலிருந்து ஜவ்வு என்று நாம் சொல்லும் டிஸ்க், இரு பக்கமும் முள்ளெலும்புகளைப் பின்னால் இணைக்கும், தேய்ந்து பருத்த ஃபேசட் மூட்டுகள், பின்னாலிருந்து தடித்துப்போன மஞ்சள் தசைநார். நிமிர்ந்து நிற்கும்போது அந்தத் தசைநார் மடிந்து உள்ளே துருத்துகிறது. குனிந்தாலோ உட்கார்ந்தாலோ அது இழுபட்டு, கால்வாய் கொஞ்சம் விரிகிறது. பஸ் ஸ்டாப் வரை நடக்க முடியாதவர் அதே தூரத்தைச் சைக்கிளில் சிரமமில்லாமல் போய்வருவது இதனால்தான்.

அம்மாவின் குறிகள் இதற்கு நன்றாகப் பொருந்துகின்றன. ஆனாலும் சர்க்கரையும் இதய நோயும் உள்ளவர் என்பதால் மூன்று விஷயங்களைப் பார்க்காமல் ஆபரேஷன் தேதி வாங்க வேண்டாம்.

முதலாவது காலின் ரத்த ஓட்டம். ரத்தக்குழாய் அடைப்பிலும் நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும். அதில் நின்றாலே போதும், வலி அடங்கிவிடும், உட்காரத் தேவையில்லை. பாதத்தில் நாடித்துடிப்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்து வரும் எண் 0.9-க்குக் கீழே இருந்தால் அடைப்பு இருக்கிறது என்று பொருள். ஒரே ஆளுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

இரண்டாவது சர்க்கரையால் வரும் நரம்புப் பாதிப்பு. உள்ளங்கால் எரிச்சல், இரவில் படுத்திருக்கும்போதும் மதமதப்பு என்றால் அது முதுகுச் சுருக்கத்தால் வருவது அல்ல. எந்த ஆபரேஷனும் அதைப் போக்காது. மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைப் பல வருடம் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவதால் இதே போன்ற மதமதப்பு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மூன்றாவது கழுத்து. நடையில் தள்ளாட்டம், சட்டைப் பொத்தான் போடக் கை வராமை இருந்தால் கழுத்திலும் சுருக்கம் இருக்கலாம். அங்கே நசுங்குவது தண்டுவடமே என்பதால், அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டியிருக்கும். இடுப்பு ஸ்கேன் எடுக்கும்போதே முழு முதுகையும் பக்கவாட்டில் ஒரு சுற்று எடுத்துக் கொடுக்கச் சொன்னால் இது தெரிந்துவிடும்.

ஆபரேஷன் தேவையா என்ற கேள்வியைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். இந்த நோய் பலருக்கு வருடக்கணக்கில் ஏறாமல் அப்படியே நிற்கும். 2015-இல் அமெரிக்காவில் 169 பேரை ஆபரேஷன், பிசியோதெரபி என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்ததில் இரண்டு வருட முடிவில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் பிசியோதெரபிக்கு ஒதுக்கப்பட்டவர்களில் பாதிக்கு மேல் இடையிலேயே ஆபரேஷனுக்கு மாறிவிட்டார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதுகு ஊசியைப் பற்றி 2014-இல் 400 பேரிடம் நடந்த ஆய்வில், ஸ்டீராய்டு கலந்த ஊசிக்கும் வெறும் மரப்பு மருந்துக்கும் ஆறு வாரத்தில் பயனுள்ள வித்தியாசம் தெரியவில்லை. சர்க்கரை உள்ளவருக்கு ஸ்டீராய்டு சர்க்கரையையும் ஏற்றிவிடும். அம்மாவுக்கு ஒரு வருடமாகவே ஐந்து நிமிட நடைதான் என்றால், குனிந்து செய்யும் பயிற்சிகளை முறையாக ஆறு வாரம் முதல் மூன்று மாதம் செய்து பார்த்தும் பலனில்லை என்றால், ஆபரேஷன் நியாயமான அடுத்த படிதான். பாதம் தூக்க முடியாமல் தொங்கினால் மட்டும் இந்தப் பொறுமை கூடாது.

இரு முறைகளிலும் உள்ளே நடப்பது

எந்த முறையானாலும் குப்புறப் படுக்க வைப்பார்கள், வயிறு அழுந்தாமல் தொங்கும்படி. வயிறு அழுந்தினால் முதுகுக் கால்வாயின் சிரைகள் புடைத்து ரத்தம் கசியும். அப்புறம் உள்ளே எதுவும் தெரியாது.

திறந்த முறையில் நடு முதுகில் இரண்டு மட்டத்துக்கு ஏறக்குறைய 7 முதல் 10 செ.மீ. கீறல். முதுகெலும்பின் இரு பக்கமும் ஒட்டியிருக்கும் தசையை எலும்பிலிருந்து உரித்து, விரிப்பானால் ஒதுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். பின்பக்க முள்ளையும், லேமினா என்ற எலும்புக் கூரையையும் எடுத்து, மஞ்சள் தசைநாரை நீக்கி, பக்கவாட்டில் ஃபேசட் மூட்டின் உள்விளிம்பைக் குடைந்து நரம்பு வெளியேறும் வழியைத் திறப்பார்கள். எல்லாம் கண்ணெதிரே தெரியும் என்பது பெரிய வசதி. உரித்த தசை பழையபடி முழுதாக ஒட்டாது. விரிப்பான் நெடுநேரம் அழுத்திய இடத்தில் தசையின் ஒரு பகுதி நலிந்து கொழுப்பாக மாறுவதும் உண்டு.

சிறு துளை முறைகளில் ஒன்றான டியூப் முறையில் நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை, இரண்டு செ.மீ. தள்ளி, 2 செ.மீ. அளவில் ஒரு கீறல். மெல்லிய குழாய், அதன்மேல் கொஞ்சம் பெரிய குழாய் என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகித் தசையை விலக்குகிறார்கள், வெட்டுவதில்லை. கடைசியில் 18 முதல் 22 மி.மீ. விட்டமுள்ள டியூப் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி அந்தப் பக்கத்து லேமினாவைக் கொஞ்சம் குடைந்து, பிறகு டியூபைச் சாய்த்து, முள்ளுக்கு அடியில் புகுந்து எதிர்ப்பக்கத் தசைநாரையும் எடுக்கிறார்கள். ஒரு பக்க வாசல் வழியாக இரு பக்கமும் சுத்தம் செய்வதுதான் இதன் சூட்சுமம். நடு முள்ளும், முள்களை இணைக்கும் தசைநார்களும், எதிர்ப்பக்கத் தசையும் தொடப்படாமல் அப்படியே இருக்கும்.

எண்டோஸ்கோப் முறை இதிலும் சிறியது. ஒரே துளையில் கேமராவும் கருவியும் போகும் வகை ஒன்று. இரண்டு துளை போட்டு ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி என்று செய்யும் வகை இன்னொன்று. இரண்டிலும் சலைன் நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போன நீர் சரியாக வெளியேறாமல் தேங்கினால் நரம்புப் பையின் மேல் அழுத்தம் ஏறி, தலைவலியும் கழுத்து இறுக்கமும் வரும். அபூர்வமாக வலிப்பும் வரும்.

‘லேசரில் சரிசெய்கிறோம்’ என்ற விளம்பரத்தையும் பார்த்திருப்பீர்கள். பருத்த எலும்பும் தடித்த தசைநாரும் நெருக்கும்போது, டிஸ்க்குக்குள் லேசர் காட்டுவதால் கால்வாய் அகலமாகாது.

காலின் நிவாரணத்தில் வித்தியாசம் உண்டா?

நீண்ட நாள் கணக்கில் பார்த்தால் பெரிதாக இல்லை. நார்வேயில் 437 பேரிடம் மூன்று விதமான நரம்பு விடுவிப்பு முறைகளை ஒப்பிட்ட ஆய்வு 2022-இல் வந்தது. ஒரு பக்க வாசல் வழியாக இரு பக்கமும், இரு பக்கமும் தனித்தனி வாசல், நடு முள்ளை அறுத்து ஒதுக்கிச் செய்வது என மூன்று முறைகள். இரண்டு வருடத்தில் மூன்றுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றே. முழு லேமினாவை எடுப்பதையும் பகுதியாக எடுப்பதையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் திரட்டிப் பார்த்தபோதும், கால்வலியில் தெளிவான வித்தியாசம் காணவில்லை. நரம்பு முழுதாக விடுபட்டதா என்பதுதான் காலுக்குத் தெரியும். எந்த வாசல் வழியாக வந்தார்கள் என்பது தெரியாது.

வித்தியாசம் தெரிவது வேறு இடங்களில். சிறு துளையில் ரத்த இழப்பு குறைவு, முதல் இரண்டு வார முதுகுவலி குறைவு, வலி மாத்திரை குறைவு. திறந்து செய்தால் மூன்று நான்கு நாள் ஆஸ்பத்திரி வாசம். சிறு துளையில் ஒன்றிரண்டு நாள். சர்க்கரை உள்ளவர், பருமனானவர் என்றால் காயத்தில் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறைவதும் நல்ல லாபம்.

ஸ்க்ரூ: நிஜமான கேள்வி

நழுவல் இருந்தால் ஸ்க்ரூ போட்டு இணைத்தே ஆக வேண்டும் என்பது நெடுநாள் வழக்கம். 2016-இல் சுவீடனில் 247 பேரிடம் நடந்த ஆய்வில், நழுவல் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஸ்க்ரூ போட்டவர்கள் இரண்டு வருடத்திலோ ஐந்து வருடத்திலோ கூடுதலாகத் தேறவில்லை. 2021-இல் நார்வேயில், ஒரே மட்டத்தில் நழுவல் உள்ள 267 பேரிடம் பார்த்தபோது, குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் ஸ்க்ரூ இல்லாத குழுவில் 71.4 சதவீதம், ஸ்க்ரூ போட்ட குழுவில் 72.9 சதவீதம். மறு ஆபரேஷன் முறையே 12.5, 9.1 சதவீதம். அமெரிக்காவில் 66 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு ஒன்று, அதுவும் 2016-இல் வந்ததுதான், ஸ்க்ரூ பக்கமே சாய்ந்தது. அதில் ஸ்க்ரூ போடாதவர்களில் மூன்றில் ஒருவருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. ஆகவே முதல் டாக்டர் சொல்வது பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால் ஸ்கேன் தாளில் ‘நழுவல்’ என்ற ஒரு வார்த்தை இருப்பதே ஸ்க்ரூவுக்குப் போதுமான காரணம் ஆகாது.

முடிவு செய்ய வேண்டியது அந்த எலும்பு அசைகிறதா என்பதை வைத்து. எம்.ஆர்.ஐ. படுத்த நிலையில் எடுப்பது. படுத்தால் நழுவல் ஓரளவு தன் இடத்துக்குத் திரும்பிவிடக்கூடும். அதனால் நின்ற நிலையில், குனிந்து ஒன்று, நிமிர்ந்து பின்னால் வளைந்து ஒன்று என எக்ஸ்ரே எடுக்க வேண்டும். சில நூறு ரூபாய்ச் செலவில் முடியும் இந்தப் பரிசோதனை, பல லட்ச ரூபாய் முடிவையே மாற்றக்கூடியது; நடைமுறையில் அடிக்கடி விடுபடுவதும் இதுதான். இரண்டு படத்துக்கும் இடையே எலும்பு 3–4 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் அசைவு கூடுதல். எம்.ஆர்.ஐ.யில் ஃபேசட் மூட்டுக்குள் நீர் கோத்து வெள்ளையாகத் தெரிந்தாலும் சந்தேகப்பட வேண்டும். அசைவு கூடுதலாக இருந்தாலோ, கால்வலியைவிட எழுந்து உட்காரும்போது வரும் முதுகுவலி பெரிதாக இருந்தாலோ, முதுகு பக்கவாட்டில் கோணியிருந்தாலோ, நரம்பை விடுவிக்க ஃபேசட் மூட்டையே எடுக்க வேண்டிய நிலை இருந்தாலோ ஸ்க்ரூவுக்கு நியாயம் உண்டு.

ஸ்க்ரூவுக்கும் விலை இருக்கிறது. ஆபரேஷன் நேரம் கூடும், ரத்தம் கூடப் போகும், இணைத்த இடத்துக்கு மேலும் கீழும் உள்ள மட்டங்கள் வருடங்கள் போகப்போகத் தேயும். 68 வயதுப் பெண்ணுக்கு எலும்பு வலுவில்லை என்றால் ஸ்க்ரூ கழன்று ஆடவும் செய்யும். ஸ்க்ரூ போடுவதாக முடிவானால், எலும்பு அடர்த்திக்கான டெக்ஸா ஸ்கேன் எடுக்காமல் சம்மதிக்காதீர்கள்.

இப்போது இரண்டு கேள்விகளும் சந்திக்கும் இடத்துக்கு வருவோம். நழுவிய எலும்பை இப்போதைக்குப் பிடித்து நிறுத்தியிருப்பவை நடு முள்ளும், அதன் தசைநார்களும், ஃபேசட் மூட்டுகளும். திறந்து அவற்றை எடுத்துவிட்டால் நழுவல் கூட வாய்ப்பு அதிகம். அதை ஈடுகட்ட ஸ்க்ரூ தேவைப்படும். முதல் டாக்டரின் திட்டத்தில் உள்ள தர்க்கம் இது. அவற்றைத் தொடாமல் ஒரு பக்க வாசலில் நரம்பை விடுவித்தால், ஸ்க்ரூ தவிர்க்கப்படும் வாய்ப்பு கூடுகிறது. சிறு துளையின் உண்மையான லாபம் இங்கேதான்; தழும்பு சின்னதாக இருப்பது உபரி. எக்ஸ்ரேயில் எலும்பு அசையாமல் நின்றால், என் ஓட்டு இரண்டாவது டாக்டரின் திட்டத்துக்கு. அசைந்தால் முதல் டாக்டர் பக்கம் நியாயம் கூடும். அப்போதும் அதைச் சிறு துளையில் செய்ய முடியுமா என்று கேட்கலாம்.

எங்கே தவறும்?

சிறு துளையில் அதிகம் தவறுவது எதிர்ப்பக்கம். வாசல் வைத்த பக்கம் நன்றாகத் திறந்திருக்கும். முள்ளுக்கு அடியில் போய்ச் செய்ய வேண்டிய பக்கத்தில், ஃபேசட் மூட்டுக்கும் நரம்புக்கும் நடுவே கொஞ்சம் தசைநார் மிஞ்சிவிடும். நோயாளி விழித்ததும் ஒரு கால் இதமாகவும் மறு கால் பழையபடியும் இருப்பதாகச் சொல்வார். இன்னொரு தவறு, வாசல் பக்கத்தில் மூட்டைப் பாதிக்கு மேல் குடைந்துவிடுவது. சில மாதங்களில் அந்த இடம் ஆட ஆரம்பிக்கும். கை பழகாதவரிடம்தான் இரண்டும் அதிகம் நடக்கும்.

டியூரா கிழிவது இரு முறையிலும் நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்கு நடக்கிறது, வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதல். தசைநார் டியூராவோடு ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். திறந்த காயத்தில் தைப்பது சுலபம். 2 செ.மீ. குழாய்க்குள் ஊசியைத் திருப்பவே இடம் இருக்காது. பெரும்பாலும் கொழுப்புத் துண்டோ ஃபைப்ரின் பசையோ வைத்து அடைப்பார்கள். ஆனால் சுற்றிலும் தசை உடனே மூடிக்கொள்வதால் நீர் தேங்க இடம் குறைவு. கிழிசல் ஆனால் ஒரு நாள், இரண்டு நாள் தட்டையாகப் படுக்கச் சொல்வார்கள்; கண்ட்ரோல் மீறிய விபத்து என்று பதற வேண்டாம்.

மட்டம் மாறிப்போவது மோசமான தவறு. சிலருக்குப் பிறவியிலேயே எல்5 இடுப்பெலும்போடு ஒட்டியிருக்கும், அல்லது ஆறு இடுப்பு முள்ளெலும்புகள் இருக்கும். ஸ்கேன் எழுதியவர் ஒரு விதமாகவும் அறுப்பவர் வேறு விதமாகவும் எண்ணினால் பக்கத்து மட்டம் திறக்கப்படும். முழு முதுகு ஸ்கேனில் கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டு வருவதும், ஆபரேஷன் மேஜையில் சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் சரிபார்ப்பதும் இதற்கான பாதுகாப்பு.

டாக்டரிடம் நேரடியாகக் கேட்க வேண்டியவை: குனிந்து நிமிர்ந்த எக்ஸ்ரே பார்த்தீர்களா? இரண்டு மட்டத்துக்கும் ஒரே கீறலா, இரண்டா? இதே முறையில் மாதத்துக்கு எத்தனை செய்கிறீர்கள்? உள்ளே எதிர்பாராத சிக்கல் வந்தால் அங்கேயே திறந்த முறைக்கு மாற்றுவீர்களா? கடைசிக் கேள்விக்கு ‘அப்படி வரவே வராது’ என்று பதில் வந்தால் இன்னொருவரைப் பாருங்கள். திறந்த முறையில் கை தேர்ந்தவர் நன்றாகச் செய்த ஆபரேஷன், புதிதாகப் பழகுகிறவரின் கீஹோலைவிட எந்த நாளும் மேல்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் போவதாக இருந்தால், அந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறதா, கீஹோல் முறைக்கென்று தனியாகக் கட்டணம் கேட்பார்களா என்பதை அட்மிஷனுக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்

ஸ்டென்ட் வைத்து எட்டு மாதம் என்பதுதான் இங்கே கவனமாகக் கையாள வேண்டியது. மாரடைப்புக்குப் பின் வைத்ததென்றால் இரண்டு ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளையும் பொதுவாக ஒரு வருடம் சாப்பிடச் சொல்வார்கள். அவசரமில்லாத முதுகு ஆபரேஷனை அதுவரை தள்ளிவைப்பதே நல்லது. மாரடைப்பு இல்லாமல் வைத்ததென்றால் ஆறு மாதத்துக்குப் பின் அந்த மாத்திரைகளில் ஒன்றான க்ளோபிடோக்ரலை 5 முதல் 7 நாள் முன்பு நிறுத்த இதய மருத்துவர் அனுமதிக்கக்கூடும். ஆஸ்பிரினைத் தொடர்வதா என்பதை இதய மருத்துவரும் முதுகு மருத்துவரும் பேசி முடிவெடுக்கட்டும். நீங்களாக ஒரு வேளைகூட நிறுத்தாதீர்கள்.

சர்க்கரை மாத்திரைகளில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை இருந்தால் அவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால், சர்க்கரை அளவு சாதாரணமாகத் தெரிந்தாலும் ரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் நிலை வரலாம். மாத்திரை அட்டையை அப்படியே மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8-க்குக் கீழே வந்த பிறகு தேதி வாங்குவது காயத்துக்கு நல்லது. சிறுநீர்த் தொற்று இருந்தால் முதலில் அதைக் குணப்படுத்த வேண்டும்.

அதற்குப் பின்

அன்று மாலையோ மறுநாள் காலையோ எழுப்பி நடக்க வைப்பார்கள். நடப்பதுதான் மருந்து, படுத்தே இருப்பது ஆகாது. தையல் ஆறும் வரை, 10–14 நாள், காயம் நனையக் கூடாது. ஆறு வாரத்துக்குத் தரையில் உட்காருவது, குனிந்து பெருக்குவது, தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாம் தவிர்க்க வேண்டும். வீட்டில் மேலைநாட்டுக் கழிப்பறை இல்லையென்றால் ஓட்டை நாற்காலி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். ‘ஆபரேஷனே சின்னதுதானே’ என்று மூன்றாம் நாளே அடுப்படிக்குப் போகிற அம்மாக்களைத் தடுக்க வேண்டியிருக்கும். தோலில் துளை சின்னதாக இருந்தாலும் உள்ளே எலும்பைக் குடைந்து நரம்பை விடுவித்திருக்கிறார்கள், அது ஆற நாள் வேண்டும்.

எதிர்பார்ப்பையும் இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். நடக்கும்போது வரும் கனமும் வலியும்தான் முதலில் குறையும். மரப்பு மாதக்கணக்கில் மெல்லக் குறையும், கொஞ்சம் நிரந்தரமாகத் தங்கவும் கூடும். பழைய முதுகுவலியும் முழங்கால் வலியும் இந்த ஆபரேஷனால் போகாது.

முதல் இரண்டு நாள் இரவில் கூட இருப்பவர் ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். புதிதாகக் கால் பலமிழப்பது, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி மரப்பது, சிறுநீர் முட்டியும் வராமல் இருப்பது: இவை உள்ளே ரத்தம் கட்டி நரம்பை நசுக்குவதன் அடையாளங்கள். நர்ஸிடம் சொல்லி டியூட்டி டாக்டரை அந்த நிமிடமே வரவழைக்க வேண்டும். தாமதமாகும் ஒவ்வொரு மணி நேரமும் நரம்பு மீளும் வாய்ப்பைக் குறைக்கும். வீட்டுக்குப் போன பின் காய்ச்சல், காயத்தில் நீர் ஒழுகுதல், எழுந்தால் வந்து படுத்தால் போகும் தலைவலி இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆபரேஷனுக்கு முன்பே இந்தச் சிறுநீர்க் கோளாறோ மரப்போ இன்று தொடங்கினால், மேலே சொன்ன ஒப்பீடெல்லாம் வேண்டாம். கைக்கெட்டும் முறையில் உடனே நரம்பை விடுவிக்க வேண்டும், அது திறந்த முறையானாலும் சரி.